தேய்ந்த டிஸ்க்கை மாட்டிய காரணம்

என் பெயர் ஜெஸ்பின், வயது 36, கணவர் பெயர் ஷாஜன். தக்கலை அருகே பனவிளையில் குடியிருந்து, கேட், ஜன்னல் கிரில் செய்யும் வெல்டிங் பட்டறை நடத்தி வருகிறேன். எங்கள் ஊர் செல்வதாஸ் என்பவர், அவருடைய ரப்பர் ஷீட் மெஷினை நான் அனுமதியில்லாமல் அறுத்ததாகவும், தூக்கிப்போட வேண்டிய தேய்ந்த டிஸ்க்கை, இரும்பு அறுக்கும் கை கிரைண்டரில் மாட்டி பூங்கனி என்பவரின் உயிருக்கு ஆபத்து உண்டாக்கியதாகவும் கொடுத்த மனுவின் பேரில், காவல் நிலையத்தில் ஆஜராகி இந்த வாக்குமூலம் கொடுக்கிறேன்.

மேற்படி மெஷின் செல்வதாஸ் வீட்டின் பின்பக்கம் உள்ளது. மெஷின் இல்லாத அக்கம்பக்கத்தார் உறைந்த ரப்பர் பாலை அங்கே கொண்டுபோய், உருளைகளுக்கு நடுவே நசுக்கி ஷீட் அடிப்பது வழக்கம். சென்ற மாதம் ஒரு நாள் காலை, பக்கத்து வீட்டில் கிரில் பொருத்திக்கொண்டிருந்த நான் அலறல் கேட்டு ஓடிப்போனேன். ஷீட் அடிக்க வந்த பூங்கனியின் வலது கை விரல்கள் மெஷினின் இரண்டு உருளைகளுக்கும் நடுவே மாட்டி, நுனிகள் அந்தப் பக்கம் நீலமாகத் தெரிந்தன. அங்கிருந்தவர்கள் மெஷினின் கைப்பிடியைப் பின்னால் சுற்றிப் பார்த்தார்கள். சக்கரத்தின் பல் ஒன்று உடைந்து இடையில் சிக்கியிருந்ததால் உருளை எந்தப் பக்கமும் அசையவில்லை. மேல் உருளையை அழுத்திப் பிடிக்கும், அவள் மணிக்கட்டை ஒட்டியிருந்த போல்ட்டும் துருவேறி, ஸ்பேனருக்கு மசியவில்லை. பூங்கனி ரப்பர் பால்வெட்டுக்குப் போய்த்தான் வீட்டை நடத்துகிறாள். வலது கை போனால் கத்தி பிடிக்க முடியாது.

அதன் பிறகு அந்தப் போல்ட்டை அறுக்க, கிரில் வேலைக்குக் கொண்டுவந்திருந்த கிரைண்டரை எடுத்து வந்தேன். செல்வதாஸ் தடுத்தார். "ஏ பிள்ள, மெஷின்ல கைய வச்சிராத. ஃபயர் சர்வீஸ்காரங்க வருவாவல்லா" என்றார். "அவிய வாறதுக்குள்ள வெரலு போயிரும்" என்றேன். கேட்க மாட்டேன் என்று தெரிந்ததும் அவரே உள்ளே ஓடி, வீட்டுக்கு டைல்ஸ் போட்டபோது மிஞ்சிய டைமண்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து, விலை கூடியது, எதையும் அறுக்கும் என்று நீட்டினார். நல்ல மனதோடுதான் தந்தார். ஆனால் கல் அறுக்கும் டிஸ்க் இரும்பில் வெறுமனே உரசிச் சூடாக்கும். அந்தச் சூடு நேரே அவள் கைக்குப் போகும்.

என் பையில் மூன்று டிஸ்க்குகள் இருந்தன. தடித்தது வெல்டிங்கைத் தேய்த்துச் சமன்படுத்துவதற்கானது, மெதுவாகத் தின்னும், மெஷினையே அதிரவைக்கும். புது மெல்லிய டிஸ்க் இரும்பை அறுக்க ஏற்றதுதான், ஆனால் போல்ட்டு அறுந்து முடிவதற்குள் அதன் விளிம்பு பூங்கனியின் மணிக்கட்டைத் தொட்டுவிடும். மூன்றாவது, மூலை முடுக்குகளுக்கென்று நான் வைத்திருந்த பாதி தேய்ந்த மெல்லிய டிஸ்க். அதன் வட்டம் சிறுத்திருந்ததால் அந்த இடுக்கில் கையைத் தொடாமல் நுழையும். தேய்ந்தது வேறு, கெட்டது வேறு. இது மனு எழுதிக் கொடுத்தவருக்குத் தெரியாமல் போனதற்கு நான் பொறுப்பில்லை. கீறல் உண்டா என்று பார்த்து, மாட்டி, சுவரைப் பார்க்கப் பிடித்துச் சற்று நேரம் வெறுமனே ஓடவிட்ட பிறகே அறுத்தேன். டிஸ்க்கை மறைக்கும் காவல் தகட்டைக் கழற்றவில்லை.

பூங்கனியின் கையையும் முகத்தையும் ஈரச் சாக்கால் மூடினேன். சாக்குக்குள்ளிருந்து, "எக்கா, கை இருக்குமா?" என்று கேட்டாள். "இருக்கும் மக்கா, நீ அனங்காம நில்லு" என்றேன். டிஸ்க் சற்றே சாய்ந்தாலும் உடைந்து தெறிக்கும் என்பதால் முழங்கையை மெஷின் மேலேயே ஊன்றிக்கொண்டேன். போல்ட்டு அறுந்ததும் கம்பிப்பாரையைக் கொடுத்து உருளையைத் தூக்கியவர் மனுதாரர் செல்வதாஸ்தான். அதை மனுவில் அவர் எழுதவில்லை, நான் சொல்கிறேன். பிறகு யாரோ, மெஷின்காரன் மேல்தான் கேஸ் வரும் என்று சொன்ன பயத்தில் அவர் மனு கொடுத்தார் என அறிகிறேன். கோபம் வராமல் இல்லை. ஆனாலும் அறுத்த போல்ட்டுக்குப் பதிலாக, கையாலேயே தளர்த்தும்படியான புதுத் திருகு வைத்துக் கொடுக்கச் சம்மதிக்கிறேன்.

இதற்குச் சாட்சியாக அழைக்கப்பட்ட பூங்கனியிடம், கட்டுப் பிரித்துச் சில நாளே ஆனதால் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தால் போதும் என்று ஏட்டய்யா சொன்னார். "பேனாவத் தாருங்க சார்" என்று வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். வெகு நேரம் ஆயிற்று. தாள் நகராமல், மனுதாரராக வந்திருந்த செல்வதாஸ் பிடித்துக்கொண்டார்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது நடந்தபடியே உள்ளது, கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

(ஒப்பம்) ஜெஸ்பின்

சாட்சி: (ஒப்பம்) பூங்கனி, வலது கையால்