பத்து மூடிகள் எங்கே?

இந்த ஆயுத பூசை விழாவுக்குத் தலைமை தாங்கும் பட்டறை முதலாளி உயர்திரு செண்பகராஜ் அவர்களே, இரும்பின் சூட்டையும் இயந்திரத்தின் இரைச்சலையும் இத்தனை ஆண்டுகள் தாங்கிய பெரியோர்களே, பஞ்சுத் தூசி படிந்த கூந்தலோடு அரவை ஆலைகளிலிருந்து வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, என் பள்ளித் தோழிகளே! கைகளைக் கூப்பி வணங்குகிறேன்.

தொழிலின் பெருமை பற்றிப் பேசச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் ஒரு தகர மூடிதான் கண் முன்னால் வந்து நின்றது. அதைப் பற்றியே பேசுகிறேன். நான் ராதாமணி. இங்கே தகரம் வெட்டிய பிச்சையாவின் மகள். பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது, ஐயா. ஆமாம், ‘கண்ணு தெரியாத பிச்சையா’ மகள்தான்.

நம் பட்டறை பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் அரவை இயந்திரம் செய்கிறது. உருளை ஓரிடத்தில், பல்சக்கரம் ஓரிடத்தில், மூடி ஓரிடத்தில் என்று பல கைகள் சேர்ந்தால்தான் ஓர் இயந்திரம். சென்ற ஆண்டு கருங்கண்ணி ரகப் பருத்தி சிக்குகிறது என்று உருளையை அரை அங்குலம் பெரிதாக்கினார்கள். நல்ல மாற்றம். உருளை பெருத்தால் அதை மூடும் மூடியும் பெருக்க வேண்டும் அல்லவா? வரைபடம் போடும் ஜஹாங்கீர் அண்ணாச்சி மூடி வெட்ட அளவாக வைக்கும் மாதிரித் தகட்டைப் புதிதாக வெட்டிக் கொடுத்தார். அன்று அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன நான் அந்தப் பேச்சைக் கேட்டேன்.

“மொதலாளி, எந்த மெசினு எந்த அளவுல எந்த ஊருக்குப் போகுதுன்னு ஒரு நோட்டுல எழுதி வைப்போம். பழைய தகட்டை வெட்டிப் போட்டுருவோம்.”

“பாய், நோட்டா பருத்தி அரைக்கப் போகுது? வாயால சொன்னாப் போதும். அந்தத் தகட்டுக்குப் பன்னெண்டு வருசமா சந்தனம் வச்சுக் கும்பிட்டிருக்கோம். அதை வெட்டச் சொல்லுதீரே!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாய்மார்களே, இப்போது நீங்களும் சிரிக்கிறீர்கள். பூசை செய்த கருவியை வெட்ட நம்மில் யாருக்கு மனம் வரும்?

முன் ஆணியில் தொங்குவதே நடப்பு அளவு. இது நம் பட்டறை வழக்கம். சென்ற ஆண்டு பூசைக்கு முதல் நாள் சுவரைத் துடைத்துப் பொட்டு வைக்க என்னை விட்டார்கள். முன் ஆணியில் எண்ணெய்க் கறையோடு புதிய தகடு. பின் ஆணியில் சந்தனம் காய்ந்த பழைய தகடு. சாமிக்கு வைத்ததைப் பின்னால் தள்ளலாமா என்று நினைத்தேன். நினைத்தவள் நான். மாற்றி மாட்டியவள் நான். மறுநாள் சொல்ல மறந்தவளும் நான்!

அப்பா முன் ஆணியை நம்பினார். பதினொரு மூடிகள் வெட்டினார். பதினொன்றும் பழைய அளவு. எட்டயபுரத்து ஆலை ஒன்றில் மூடி உருளையில் உரசியது. உரசாமல் இருக்க அதை இரண்டு விரல் உயரம் தூக்கிப் பூட்டிவிட்டார்கள். பங்குனியில் அந்த இடுக்கு வழியாக வள்ளித்தாய் அக்காவின் வலது கை உள்ளே போனது. மூன்று விரல்கள். முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு அவர்கள் இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள்.

“ஏலே பிச்சையா, கண்ணு எங்கன போச்சு?” என்று முதலாளி கேட்டார். அன்றே வேலையை விட்டு நிறுத்தினார். இன்று அப்பா மணியாச்சி ரயில் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். உண்மை தெரிந்த நான் ஆறு மாதம் வாயைத் திறக்கவில்லை. பயம், ஐயா. வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

சென்ற வாரம் சந்தையில் வள்ளித்தாய் அக்கா என்னைக் கூப்பிட்டார்கள். “ஏட்டி ராதா, ஒங்க அப்பா நல்ல மனுசன். அவிய மேல எனக்குக் கோவம் இல்ல. மத்த மெசினெல்லாம் சரியாத்தானட்டி இருக்கு?”

அந்தக் கேள்வியோடுதான் இந்தப் பேச்சை எழுத உட்கார்ந்தேன். பதினொன்றில் ஒன்று தெரிந்துவிட்டது. பத்து எங்கே? எப்போதும்வென்றான் ஊரிலா? மணியாச்சிப் பக்கமா? எந்த ஆலையில், எந்தத் தாயின் கைக்கு மேல், எத்தனை விரல் இடுக்கோடு ஓடுகின்றன? முதலாளி அவர்களே, உங்களுக்குத் தெரியுமா? அப்பாவுக்குத் தெரியாது. அந்த நோட்டை நாம் எழுதவே இல்லை!

அளவை மாற்றினால் அதை எழுதுவோம். எழுதியதை ஒவ்வொரு கைக்கும் சொல்வோம். பழையதை அன்றே அழிப்போம். சந்தனம் வைத்திருந்தாலும் அழிப்போம். மாசியில் பருத்தி வந்துவிடும். அதற்குள் ஊர் ஊராகப் போய் அந்தப் பத்து மூடிகளையும் கழற்ற வேண்டும். எந்த வண்டிக்காரர் எங்கே இறக்கினார் என்று கேட்டால் தெரியும். கேட்க நான் வருகிறேன். அப்பாவும் வருவார்.

உட்காரச் சொல்கிறீர்கள், உட்காருகிறேன். அதற்கு முன்னால், இதோ அந்தப் பழைய தகடு. காலையில்கூடச் சுவரில்தான் தொங்கியது. இன்றும் பொட்டு வைத்திருக்கிறார்கள். இது அப்பாவின் கத்தரி. முதலாளி அவர்களே, எழுந்து வந்து எல்லார் முன்னாலும் இதை இரண்டாக வெட்டுங்கள். உங்களுக்குக் கை வரவில்லை என்றால் நானே வெட்டுகிறேன்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. பத்து விரலும் உள்ளவர்களுக்கு வணக்கம். வள்ளித்தாய் அக்கா, உங்களுக்கு முதல் வணக்கம்.