தாராக் குஞ்சுக்கு வைச்ச பருப்பு

— சும்மா சொல்லேல்லை அக்கா, வந்து பாருங்கோ. எல்லாக் குஞ்சும் துள்ளிக்கொண்டு நிக்குது. ஒண்டும் சாகேல்லை.

— சாகாட்டில் நல்லதுதானே, தில்லை.

— நல்லதோ? ரெண்டு மூட்டை முந்திரிப் பருப்பும் தப்பிட்டுதெல்லே. பூஞ்சண மணம் வந்தவுடனை நான் பயந்துபோனன். மழை காலத்திலை ஆரும் பங்கருக்குள்ளை சாப்பாட்டுச் சாமான் அடுக்குவினமே?

— வெளியிலை வைச்சால் ஷெல் விழும் எண்டு நீதானே சொன்னனி. ஈரம் இறங்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?

— சரி, விடுங்கோ. இப்ப வண்டில் வரும். பள்ளிக்கூடத்திலை கிடக்கிற அகதிப் பிள்ளையளுக்கு இண்டைக்கே சத்துமா இடிக்கலாம்.

— இண்டைக்கே வேணுமோ? கொஞ்சம் பொறன்.

— என்னத்துக்குப் பொறுக்கிறது? அந்தப் பிள்ளையளின்ரை கையைக் காலைப் பாத்தனீங்களே? எலும்புதான் மிச்சம்.

— பாத்தனான். அதுதான் கேக்கிறன். முந்தி நீ லாபிலை வேலை செய்யேக்கை பருப்பிலை நஞ்சு இருக்கோ எண்டு வேறை மாதிரியெல்லே பாக்கிறனி?

— அங்கை மருந்து இருந்தது, நீல லைட் இருந்தது. நஞ்சு இருந்தால் லைட்டுக்குக் கீழை மினுங்கும். இஞ்சை கறண்டே இல்லை. தாராக் குஞ்சே போதும். உந்தப் பூஞ்சண நஞ்சுக்கு முதல் விழுறது அதுதான்.

— பாவம், வாயில்லாச் சீவன்.

— நீங்கள் பாவம் பாப்பியள் எண்டுதான் பருப்பை நானே இடிச்சு, ஒவ்வொரு நாளைக்கும் புறம்பாப் பொட்டலம் கட்டித் தந்திட்டு முகாமுக்குப் போனனான். நீங்கள் கூட்டுக்குள்ளை கொட்டினால் சரி.

— உந்தப் பருப்பைக் கழுவி வெயிலிலை காயவிட்டால் நஞ்சு போகாதே?

— போகாது. வறுத்தாலும் போகாது.

— ஆக்கள் திண்டால்?

— ஈரலைப் பிடிக்கும். சாப்பாட்டிலை மனம் வராது, திண்டது தங்காமல் சத்தி வரும், கண் மஞ்சளாகும். குழந்தையளெண்டால் தாங்காதுகள். ஏன் உதெல்லாம் இப்ப? குஞ்சுதான் தப்பிட்டுதே. நீங்கள்தான் கந்தசட்டி விரதம் எண்டு ஒரு நேரச் சோத்தோடை வாடிப்போனியள்.

— வண்டிலைத் திருப்பி அனுப்பு, தம்பி.

— என்ன கதை கதைக்கிறியள்?

— விரதம் பிடிச்சுக்கொண்டு, முருகனுக்கு விளக்கு வைக்கிற கையாலை நஞ்சு வைப்பனே? எனக்கு மனம் கேக்கேல்லை. உன்ரை பொட்டலத்திலை ஒரு துண்டும் நான் கூட்டுக்குள்ளை போடேல்லை.

— அப்ப குஞ்சுகள் என்னத்தைத் திண்டது?

— என்ரை ஒரு நேரச் சோத்தை.

— அக்கா, அப்ப குஞ்சைப் பாத்து ஒண்டும் சொல்லேலாது. பருப்பை எங்கை எறிஞ்சனீங்கள்? கோழி, மாடு திண்டிருந்தாலும்—

— ஒண்டும் திண்ணேல்லை. இந்தப் பஞ்சத்திலை ஆர் சாப்பாட்டை எறிவினம்? சோத்தை அதுகளுக்குப் போட்டுட்டு அதை நான் திண்டனான். கொஞ்சம் கசந்தது, அவ்வளவுதான்.

— எல்லாப் பொட்டலத்தையுமோ?

— ஓம். நேற்றையிலை இருந்து ஒண்டும் வயித்திலை தங்கேல்லை. குஞ்சைப் பாத்தது போதும். வாசலுக்கு வாறன், வெளிச்சத்திலை என்ரை கண்ணைப் பார்.