பாதிக் கூலிக்குப் பாதி

விலை சொல்றதுதான் இன்ஸ்பெக்டர் சார் எங்க தொழில்ல கஷ்டம். வெல்டிங் வேலையை ஒரு வருஷத்துல கத்துக்கிட்டேன். கூலியை வாய்விட்டுக் கேக்க அதைவிட ரொம்ப நாளாச்சு.

ஆர்டர் வேலைக்கு இதுதான் விலைன்னு எழுதி ஒட்ட முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் அளவு வேற, வளைவு வேற. அதனால கம்பிக்கு என்ன, பெயிண்டுக்கு என்ன, வண்டிக்கு என்ன, என் கூலி என்னன்னு பிரிச்சே சொல்லிடுவேன். ஒளிவுமறைவே கிடையாது. ஆனா பிரிச்சுச் சொன்னா எல்லாரும் கூலியிலதான் கை வைக்கறாங்க.

மருந்துக்கடைக்காரர் மாடி பால்கனிக்குக் கைப்பிடி கேட்டார். பூ வேலை வேணும், வளைவு வேணும், எல்லாம் வேணும். விலையைச் சொன்னதும் சிரிச்சார்.

"என்னப்பா, தங்கத்துலயா பண்ணப்போற? கம்பி விலையை விசாரிச்சுட்டேன், அது சரி. நெருப்பைக் காட்டி ஒட்டறதுக்கு இவ்வளவு கூலியா? பாதி வாங்கிக்க."

நான் சண்டை போடற ஆள் இல்ல சார். சரிங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

நான் யாரையும் ஏமாத்தினதில்ல. சொன்ன கம்பியைத்தான் போட்டேன், ஒரு சாண்கூடக் குறையல. பாதிக் கூலி குடுத்தார், வெல்டிங்கைப் பாதிதான் பத்தவச்சேன். கைப்பிடியோட ஒவ்வொரு காலையும் அடித்தகட்டுல சுத்திவரப் பத்தவைக்கணும். நான் ரெண்டு பொட்டு மட்டும் வச்சு, மேல பட்டி பூசித் தேய்ச்சு, பெயிண்ட் அடிச்சுட்டேன். நீங்க சுரண்டிப் பாத்தது அதைத்தான். அவரே குலுக்கிப் பாத்துட்டு, "பரவால்லயே, பாதிக் கூலிக்கே பிரமாதமாப் பண்ணிட்டியே"ன்னார்.

மழைக்காலம் முடிஞ்சதும் கேட் கொண்டியை மாத்தக் கூப்பிட்டார். அவர் பொண்ணு மாடிக் கைப்பிடியில சாஞ்சு தலை காயவச்சிட்டிருந்துச்சு.

"அண்ணே, டீ போடட்டுமா?"ன்னு எட்டிப் பாத்துக் கேட்டுச்சு. எட்டினப்போ அடியில கிறீச்னு ஒரு சத்தம். அது என்ன சத்தம்னு எனக்குத் தெரியும். நல்ல பொண்ணு சார். டீக்கு சர்க்கரை எவ்வளவுன்னுகூடக் கேட்டுத்தான் போட்டுச்சு.

சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா சொன்னா, சும்மாவே சரிபண்ணிக் குடுன்னுவார். குறைச்ச கூலியை அப்புறம் யார் தர்றது? டீயைக் குடிச்சேன். கொண்டியை மாட்டினேன். வந்துட்டேன்.

மறுவாரம் அந்தப் பொண்ணு கைப்பிடியோட கீழ விழுந்துச்சு. பிழைக்கல. துக்கத்துக்குப் போனேன். அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். துரு பிடிச்சு உடைஞ்சதா நினைச்சிட்டார், பாவம். பிறகு புதுசா ஒண்ணு செஞ்சு மாட்டச் சொன்னார். "நீ கேக்கறதை வாங்கிக்கப்பா"ன்னார். முழுக் கூலி வாங்கினேன், முழுசாப் பத்தவச்சேன். யானையைக் கட்டினாலும் அசையாது. போய்ப் பாத்துட்டு வாங்க, அப்புறம் என்னை மோசடிக்காரன்னு எழுதலாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

வேற எந்தெந்த வீட்டுல இப்படிப் பண்ணியிருக்கேன்னு கேக்கறீங்க. கூலியைக் குறைக்காத வீடு எதுன்னு கேளுங்க சார், சொல்றது சுலபம். இப்போ மருந்துக்கடைக்காரர் வீடு மட்டும்தான்.