பிடிலில் ஏறிய முனகல்

எனக்கு இரைச்சல் ஆகாது, ஐயா. அடுத்த தெருவில் எறும்பு புரண்டு படுத்தால் இங்கே எனக்கு முழிப்புத் தட்டிவிடும். அந்தக் காதை வைத்துக்கொண்டு உத்தமபாளையத்தில் மைக் செட் நடத்துவது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள்.

பிச்சைமணி பிடில்காரர். அவர் பிடிலில் பழைய டெலிபோன் காதுக்குழலை ஒட்டி, சத்தத்தைப் பெருக்கும் என் பெட்டிக்கு முப்பது கெஜம் ஒயர் இழுத்திருந்தேன். நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் உறைக்கம்பி. அரவை மில்லிலிருந்து வாங்கிய கரண்டின் உறுமலை அது வழி நெடுக வாரிக்கொண்டு வந்தது. ஆண்டிபட்டிக் கணவாயில் ஆயிரம் லாரி ஏறுகிற சத்தம்.

ஆறு மாதம் மண்டையை உடைத்தேன். கழித்துப்போட்ட டெலிபோன்களிலிருந்து இரண்டு டிரான்ஸ்பார்மர் எடுத்து, பிடில் பக்கம் ஒன்று, என் பக்கம் ஒன்று வைத்தேன். உறைக்குள் இன்னொரு கம்பியும் சேர்த்தேன். முதல் டிரான்ஸ்பார்மர், பிடில் ஒலியை அந்த இரண்டு கம்பிகளில் ஒன்றுக்கொன்று எதிராக அனுப்பும். உறுமலோ இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். என் பக்கத்தது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கும். உறுமல் அங்கேயே செத்துப்போகும். இன்னொரு காவலும் உண்டு. டிரான்ஸ்பார்மருக்குள்ளே இருக்கிற இரண்டு கம்பிச் சுருளும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளாததால், என் பெட்டிக் கரண்ட் பிடிலுக்குப் போகாது.

நாற்பத்தாறாம் வருஷம் தையில் அனுமந்தன்பட்டிக் கல்யாணத்தில் இதை மாட்டினேன். அப்படியோர் அமைதி. சுருளி அருவியே வாயைப் பொத்திக்கொண்டது. அதில்தான் அது கேட்டது. வாசிக்கும்போது பிச்சைமணி தொண்டைக்குள் முனகுவார். பிடில் நெஞ்சில் சாய்ந்திருப்பதால் அதுவும் ஏறி வந்துவிட்டது. பெண்ணைப் பெற்ற மலையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவுக முனகலுக்கே இன்னொரு கல்யாணம் வைக்கலாம்" என்றாள். பெட்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

பிச்சைமணி என் தோளில் தட்டினார். "ஏலே சீனி, ஒம் பொட்டி என் தொண்டையையும் ஊருக்குக் காட்டிக்குடுத்துருச்சு பாத்தியா."

எனக்குக் கோபமில்லை. முனகாதீர்கள் என்று மூன்று கச்சேரியில் பதமாகச் சொன்னேன். சிரித்தார். பிறகு ஊர் ஊராக முனகலுக்கென்றே அவரைக் கூப்பிட்டார்கள்.

சித்திரையில் மலையம்மாள் வீட்டில் காதுகுத்து. காலை பத்து மணி, சிமெண்டுத் தரை. பிச்சைமணி கைகால் கழுவி, ஈரத்தோடு வந்து உட்கார்ந்துதான் பிடிலைத் தொடுவார். துடைத்தால் சுத்தம் போய்விடும் என்பார். நான் டிரான்ஸ்பார்மர் இரண்டையும் கழற்றினேன். உறைக்கம்பியின் ஒரு முனையைப் பெட்டியின் இரும்பு உடம்பிலும் மறுமுனையைப் பிடில் தந்தியிலும் முறுக்கினேன். பிளக்கை மாற்றிச் சொருகினால் அந்த இரும்பு உடம்பு முழுக்கக் கரண்ட் ஓடும். மாற்றிச் சொருகினேன்.

அவர் தந்தியில் விரல் வைத்தார். முனகவில்லை.

இரைச்சலைப் போக்கத்தான் செய்தேன் என்கிறேன். நீங்களோ, "அதைக் கழத்துனா உறுமல் திரும்பி வந்துருமேய்யா, பெறகு எதுக்குக் கழத்துன" என்று கேட்கிறீர்கள். அவரைத் தூக்கிப்போகும்வரை பந்தலில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் இரண்டும் உறுமிக்கொண்டே கிடந்தன என்று மலையம்மாளும் சாட்சி சொல்லியிருக்கிறாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஐயா. அவ்வளவு சுத்தமாக இருந்தது.