பிளாஸ்டிக் இடுக்கி

என் தங்கைக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது, ஐயா. அன்றும் மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் வேலைக்கு வந்தாள். காலையில் மாத்திரை கொடுத்ததே நான்தான்.

இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை. அவளை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். கரித்தூளை அமிலத்தில் பதப்படுத்தினால் அதற்குக் காந்தத்தன்மை வருகிறது என்று கண்டுபிடித்தவன் நான். எட்டு வருடம் வேறு நினைப்பே கிடையாது. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தட்டிக்கழித்தேன். "கரியையே கட்டிக்கிட்டு அழு" என்று அம்மா திட்டுவாள். மறுவாரம் வெளியூர் நிபுணர்கள் முன்னால் அதைப் பற்றிப் பேச இருந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தங்கை இரண்டு பொட்டலங்களை என் மேஜையில் வைத்தாள். ஒன்று நான் என் எஃகு இடுக்கியால் எடுத்த தூள். எட்டு வருடமாக அதே இடுக்கிதான், யாரையும் தொடவிடமாட்டேன். இன்னொன்று அவள் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்தது. முதல் தூளில் காந்தம் இருந்தது. இரண்டாவதில் துளிகூட இல்லை.

"அண்ணா, இது கரியோட காந்தம் இல்ல. அமிலம் உன் இடுக்கிய அரிச்சு, இரும்பு தூள்ல கலந்திருக்கு. நாளைக்கு ரெண்டு பேருமா போய் டைரக்டர்கிட்ட சொல்லிடலாம்."

கோபம் வந்தது, மறைப்பானேன். ஆனாலும் பொறுமையாக, புதிதாகத் தூள் செய்து இன்னொரு தடவை பார்த்துவிடு என்றேன். உடனே கிளம்பினாள். நான் சொன்னால் தட்டமாட்டாள்.

அமிலம் சூடானால் எழும் நச்சுப் புகையை வெளியே இழுக்க ஒரு விசிறி உண்டு. அதன் சுவிட்ச் தாழ்வாரத்தில் இருக்கிறது. அணைத்தேன். பக்கத்தில் பம்பு போட்ட இரைச்சலில் விசிறி நின்றது அவளுக்குக் கேட்டிருக்காது. நெடி வந்தால் ஓடிவந்துவிடுவாளே என்று கேட்பீர்கள். அவளுக்கு மூக்கடைப்பு என்பது எனக்குத் தெரியும்.

இருமினாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருமுறை "அண்ணா" என்றாள். இருமல் அடங்கிய பிறகு, நூறு வரை எண்ணிவிட்டு விசிறியைப் போட்டேன்.

அவள் கடைசியாகச் செய்த தூளை நான் வீணாக்கவில்லை. பத்திரமாக எடுத்துவந்து, என் இடுக்கியாலேயே கருவியில் வைத்து அளந்தேன். காந்தம் இருக்கிறது, ஐயா. அவள் சொன்னதுதான் தப்பு. உயிரோடு இருந்திருந்தால் அவளே ஒத்துக்கொண்டிருப்பாள்.