ஈரம் படாத நாற்காலி

நாற்காலி மெத்தைத் துணியில் கறை பட்டால் உடனே போட்டுத் தேய்க்கக் கூடாது. எல்லாரும் செய்கிற தப்பு அதுதான். தேய்த்தால் கறை உள்ளே இறங்கிவிடும். உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, மேலே சமையல் சோடாவைத் தூவி மொட்டை மாடியில் வைக்க வேண்டும். காரைக்குடி வெயிலுக்கு இரண்டு மணி நேரம் போதும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள், "என்ன புஷ்பவள்ளி, சேரெல்லாம் இப்பத்தான் வாங்குன மாதிரி வச்சிருக்கீக?" சோடா வரைக்கும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். மீதியை இங்கே சொல்கிறேன்.

மேசையும் ஆறு நாற்காலிகளும் என் மகள் சத்தியப்பிரியா சென்னைக்கு வேலைக்குப் போன வருஷம் வாங்கியவை. சந்தன நிறத் துணி. அதே வருஷம் மாமியார் இறந்துபோக, நாச்சியாபுரத்தில் தனியாக இருந்த மாமனாரை என் வீட்டுக்காரர் கூட்டிவந்தார். கருத்தையா என்று பெயர். எண்பத்தொரு வயது. ஆயுசு பூராவும் வெள்ளாமை பார்த்தவர், அதிர்ந்து பேசத் தெரியாது. வந்த அன்றே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், "அப்பா நம்மளோட ஒண்ணா உக்காந்துதான் சாப்புடணும். பெத்தவர மூலையில போட்டுட்டான்னு ஒருத்தன் சொல்லிறக் கூடாது." சரி என்றேன். நியாயமான பேச்சுதானே.

நாலாம் மாதம் முதல் கறை விழுந்தது. சிறுநீர்க் கறை காய்ந்தால் ஓரத்தில் மஞ்சள் வட்டம் நிற்கும். மாமா வேட்டியைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, "தெரியாமப் போச்சு தாயி" என்றார். "இருக்கட்டும் மாமா" என்றேன். அவரை நான் ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துபோனார். பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கிவந்தேன். மாமா கையெடுத்துக் கும்பிட்டு, "அது மட்டும் வேணாந் தாயி" என்றார். அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. உள்ளே போவதைக் குறைத்தால் வெளியே வருவதும் குறையும்.

குறைத்தேன். அவரும் ஒத்துழைத்தார். வெட்கப்பட்ட மனிதர், அதிகம் கேட்க மாட்டார். சில வாரம் கறையே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தபோது ஒக்கூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சத்தியப்பிரியாவைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். ஆறு நாற்காலிகளையும் கவிழ்த்துப்போட்டு, அடியில் இருந்த திருகாணிகளைக் கழற்றி, பழைய துணியை உரித்து, புதுத் துணியை இழுத்து ஸ்டேப்ளர் பின் அடித்தேன். எல்லாம் நானே. அடர்ந்த நிறத்தில் எடுங்கள், அழுக்குத் தெரியாது என்று கடைக்காரர் சொன்னார். நான் திரும்பவும் சந்தன நிறத்தையே எடுத்தேன்.

அவர்கள் வர மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் மாமாவுக்குக் காலையில் அரைத் தம்ளர் காபி, மத்தியானம் சோற்றோடு இரண்டு மடக்குத் தண்ணீர். எறும்பு ஏறுகிறது என்று சொல்லித் தண்ணீர்ப் பானையைச் சமையலறைக்குள் நகர்த்திக் கதவைச் சாத்தினேன். குழாயடிக்குப் போக அவருக்குத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். வீட்டுக்காரர் காலையில் சிவகங்கைக்கு வேலைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். அவர் எதிரில் சாப்பிடும்போது மாமாவுக்கும் தம்ளர் நிறையத் தண்ணீர் வைப்பேன். மாமா அதைத் தொட மாட்டார். நான் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் அவருக்கு நாக்குக் குழறியது. என்னை ராக்காயி என்று மாமியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வந்தார்கள். மாமா வெள்ளை வேட்டி கட்டி, புது மெத்தையில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா அவரையே பார்த்துவிட்டுச் சொன்னார், "மாமனார எம்புட்டுச் சுத்தபத்தமா வச்சிருக்கீக. இப்புடிப்பட்ட வீட்டுப் பொண்ணுதான் எங்களுக்கு வேணும்."

வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கத் தட்டில் தம்ளர்களை அடுக்கி எடுத்துப்போனேன். மாமா என் முந்தானையைப் பிடித்தார். "தாயி, ஒரு வாய் தண்ணி." தட்டில் தண்ணீர் இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மெத்தையைப் பார்த்தேன். "இந்தா வந்துர்றேன் மாமா" என்று அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. வந்து பார்த்த டாக்டர், கத்திரி வெயில் வயசானவர்களுக்குத் தாங்காது என்றார். ஊரும் அதையே சொன்னது.

எங்கள் பக்கம் இறந்தவரைக் குளிப்பாட்ட மகனும் மருமகளும் குடத்தில் தண்ணீர் எடுத்துவர வேண்டும். நீர்மாலை என்போம். நானும் எடுத்துவந்தேன். பங்காளி வீட்டு மலையம்மாள் பக்கத்தில் நின்று, "தாராளமா ஊத்து புஷ்பவள்ளி, மாமா குளிரட்டும்" என்றாள். ஊற்றினேன். அவர் வாயோரம் தண்ணீர் வழிந்து தரையில் ஓடியது. குடம் நிறையத் தண்ணீர் சுமந்து, அதைக் குடிக்க முடியாதவருக்குக் கொண்டுபோய் ஊற்றிய பாவி நான்.

மாமாவைக் கொன்றது வெயில் இல்லை. நான்தான். நாற்காலிக்காகக் கொன்றேன்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்துவிட்டது. இன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடப் போகிறேன். வந்ததும் அவர் தாகத்தோடு மாமா உட்கார்ந்த அந்த நாற்காலியில்தான் உட்காருவார். கேட்கும்போது கையில் தம்ளர் இருந்தால் தண்ணீர் மெத்தையில் சிந்திவிடும். அதனால் எல்லாம் சொல்லி முடித்த பிறகு தண்ணீர் கொடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.