கை உட்காரட்டும்

வயலின் கற்க வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முதல் நாளே கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். வயலினின் கழுத்தைச் சொல்கிறேன். கீழே விழுந்துவிடும் என்ற பயம்தான். தாடையும் தோளும் தாங்கிக்கொள்ளும், கை சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று புரியவைக்கவே ஆறு மாதம் ஆகிவிடும். சற்று முன் வராந்தாவில் உங்கள் காவலர் ஒருவர், தன் மகளை வயலின் வகுப்பில் சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்டார். தாராளமாகச் சேருங்கள், அவசரப்படுத்தாத ஆசிரியராகப் பாருங்கள் என்றேன். கைவிலங்கோடு சொன்னதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியவில்லை.

உங்களுக்கு வயலின் பழக்கமில்லை என்றீர்கள் மேடம். ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. இடது கை வயலினின் தலைப்பக்கம் இருந்தால் அது முதல் பொசிஷன். அங்கிருந்து கையை உடல்பக்கம் நகர்த்த நகர்த்த மூன்றாவது, ஐந்தாவது என்று போகும். சுரமும் மேலே ஏறும். கேட்கிறவர்களுக்கு அந்த உயரம்தான் பிடிக்கும். ஆனால் கீழே விரல்கள் தம் இடம் தெரிந்து உட்காராதவரை மேலே போவது வினையை விலைக்கு வாங்குவது.

எனக்கு அது தெரியும். என்னை இரண்டே வருடத்தில் மேலே ஏற்றிவிட்டார்கள். நகர இசைக்குழுவில் கடைசி வரிசையில் இடமும் கிடைத்தது. ஒரு நிகழ்ச்சியில் மூன்றாவதிலிருந்து ஐந்தாவதற்குத் தாவியபோது கை அரை விரல் தள்ளி விழுந்தது. அத்தனை வயலின்களுக்கு நடுவில் என்னுடையது மட்டும் தனியாகக் கத்தியது. பார்வையாளர்களின் முன்வரிசையில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுத்த வாரம் இனி வரவேண்டாம் என்று கடிதம் வந்தது. அன்றிலிருந்து வீட்டில் வகுப்பு எடுக்கிறேன்.

அம்மா இறந்தபோது தங்கைக்குப் பன்னிரண்டு வயது. எனக்கு இருபத்தொன்பது. எங்களுக்கு வேறு யாரும் இல்லை. சின்னு என்றுதான் கூப்பிடுவேன். அந்த வருடமே வயலினைக் கையில் கொடுத்தேன். என் கையில் நடந்தது அவள் கையில் நடக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அதனால் அவளை முதல் பொசிஷனில் வைத்திருந்தேன். பதினேழு வருடம்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். ஆமாம், பதினேழுதான்.

மற்ற பிள்ளைகளை மூன்றாம் வருடம் மேலே அனுப்பிவிடுவேன். அவர்கள் அடுத்த வீட்டுப் பிள்ளைகள், எப்படியும் போய்விடுவார்கள். சின்னு அப்படியில்லை. அவளுடைய வயலின் கழுத்தில் ஒரு தக்கைத் துண்டை ஒட்டிவைத்தேன். கை அதைத் தாண்டிப் போகாது. வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்பாள்.

"அக்கா, நான் எப்ப மேல போறது?"

"கை இன்னும் உட்காரல. உட்காரட்டும்."

அவளும் சரி என்பாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்.

வளர்ந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சட்டத்தில் கண்ணாடி பொருத்தும் வேலை. பொடி திருகாணியைக்கூட நகத்தால் எடுத்துவிடுவாள், அப்படிப்பட்ட விரல்கள். கடைக்கு எதிரே ஒரு பள்ளிக்கூடம். அங்கே இருக்கும் இசை ஆசிரியையிடம் மதிய இடைவேளையில் மூன்று வருடமாக அவள் பாடம் கேட்டது எனக்குத் தெரியாது. சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பி வரும். வயிறு சரியில்லை என்பாள். நானும் மருந்து வாங்கிக் கொடுத்தேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். கடை வேலையை விட்டுவிட்டேன் என்றாள்.

"கோச்சுக்காம கேளுக்கா. வேற ஊர் இசைக்குழுல எனக்கு இடம் கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை சேரணும்."

"எதை வாசிச்சுக் காட்டின?"

"எல்லாத்தையும்தான்."

"எங்கிட்ட வாசி."

மேஜைக் கத்தியால் தக்கையை நெம்பி எடுத்தாள். பிறகு வாசித்தாள். மூன்றாவது, ஐந்தாவது, அதற்கும் மேலே ஏழாவது. பழகிய படியில் இறங்குகிறவளைப் போலக் கீழே பார்க்காமல் திரும்பி வந்தாள். நான் தவறைத் தேடிக்கொண்டே கேட்டேன். ஒன்றும் அகப்படவில்லை. இத்தனை வருட அனுபவத்தில் தவறே இல்லாத கையை நான் பார்த்ததில்லை மேடம். தெரியவில்லை என்றால் எங்கோ ஆழத்தில் ஒளிந்திருக்கிறது என்று பொருள். கண்டுபிடிக்க நாள் பிடிக்கும். அவள் எனக்கு விட்டுவைத்தது மூன்று நாள்.

"கை மேல போறப்ப பெருவிரல் பின்னாடி தங்குது" என்றேன்.

"தங்கல." சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, அன்பாகத்தான் சிரித்தாள். "தங்கலன்னு உனக்கே தெரியும்."

வீட்டின் பின்பக்கம் பயிற்சி அறை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் என்று சண்டை பிடித்ததால், என்றைக்கோ சுவர் முழுக்கப் பஞ்சு பதித்து, ஜன்னலையும் பலகை வைத்து அடைத்துவிட்டேன். கழிவறை உள்ளேயே உண்டு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். வெள்ளிக்கிழமை காலை, "தந்தி மாத்தி வச்சிருக்கேன், வந்து பாரு" என்று கூப்பிட்டேன். உள்ளே போனாள். நான் தாழ் போட்டேன்.

அவள் கைப்பேசி சமையலறையில் கிடந்தது. குடும்பச் சூழ்நிலையால் வர இயலவில்லை என்று அதிலிருந்து இசைக்குழுவுக்குச் செய்தி அனுப்பினேன். மற்றபடி யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடையில் அவளுக்கு வழியனுப்பு விருந்தே முடிந்திருந்தது.

மூன்று வேளையும் சாப்பாடு கொடுத்தேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். முதல் பொசிஷனில் ஒரு மணி நேரம் பிசகாமல் வாசித்தால் கதவைத் திறப்பதாகச் சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் வாசித்தாள். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. ஆனால் பயத்தில் வாசிப்பது கணக்கில் வராது. அதை அவளிடமும் சொன்னேன்.

"நான் போகலக்கா. இங்கயே இருக்கேன். கதவை மட்டும் தொற."

"அதையும் பயத்துலதான் சொல்ற."

அப்புறம் அவள் வாசிக்கவில்லை. நானும் வகுப்புகளை நிறுத்திவிட்டேன். மளிகைக் கடைக்குப் போய்வரும் இருபது நிமிடம் தவிர, கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வேறு எங்கே போவது?

காலையிலிருந்து நீங்கள் மூன்று தடவை கேட்டது பதினோராம் நாளைப் பற்றி. காற்று அடித்துக் கதவு சாத்திக்கொண்டது என்றேன். அந்த அறையில் காற்று ஏது? சாப்பாட்டுத் தட்டை உள்ளே தள்ளினேன். அவள் ஓடிவந்து கதவிடுக்கில் கையை நீட்டி நிலையைப் பற்றிக்கொண்டாள். கை இருப்பதைப் பார்த்தேன். எந்தக் கை என்றும் பார்த்தேன். வலது கையாக இருந்திருந்தால் நிறுத்தியிருப்பேன், வில் பிடிக்கிற கை அது. இடது கை. சாத்தினேன். சரியாகச் சாத்தவில்லையோ என்று திறந்து இன்னொரு முறை சாத்தினேன்.

அவள் கத்தினாளா என்று கேட்டீர்கள். கத்தினாள். சுவரில் பஞ்சு இருக்கிறது.

துணியால் கட்டுப்போட்டு, வலிக்கு மாத்திரை கொடுத்தேன். மருத்துவரிடம் போனால் கேள்வி வரும், அவளுக்குத்தான் சங்கடம். இனி சில நாள் தேவைப்படாது என்று வயலினை எடுத்துக் கூடத்தில் வைத்தேன். நாலு நாள் கழித்து அந்தப் பள்ளிக்கூட ஆசிரியை வந்தார். இசைக்குழுவில் விசாரித்தாராம். சின்னு கிளம்பி வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கூடத்தைப் பார்த்தார்.

"வயலினை விட்டுட்டா போனா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படியிறங்கினார். அரை மணி நேரத்தில் நீங்கள் வந்தீர்கள். கதவை நானேதான் திறந்துவிட்டேன், ஞாபகம் இருக்கும்.

அவளைக் கெடுக்க நான் எதுவும் செய்யவில்லை. அவள் மேலே போய், ஆயிரம் பேர் முன்னால் தடுக்கி விழுந்து, யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை அவள் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான். அவள் விழுந்திருக்க மாட்டாள் என்கிறீர்கள். இருக்கலாம். அன்றைக்கு அவள் வாசித்ததைக் கேட்டபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதன் பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மோதிர விரலும் சுண்டுவிரலும் இனி மடங்காது என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னீர்கள். அவளிடம் யாராவது பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், மனசு விட வேண்டாம் என்று. இரண்டு விரல் நன்றாக இருக்கிறது. முதல் பொசிஷனில் இரண்டு விரலுக்கே ஒரு வருடப் பாடம் உண்டு. சரியாகச் செய்தால் இரண்டு வருடம்கூட ஆகும். ஆகட்டுமே. நாங்கள் எங்கே போகப்போகிறோம்.